அம்மாவுக்கு லூபஸ், அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா: ரெண்டும் ஒரே ஜீன்ல இருந்து வந்ததா?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுமையா படிச்சுட்டு விஷயம் தெரிஞ்சவங்க பதில் சொல்லுங்க ப்ளீஸ்.

எங்க அண்ணனுக்கு காலேஜ் படிக்கறப்போ ஸ்கிசோஃப்ரினியா வந்துச்சு. ஆரம்பத்துல யாருக்கும் ஒண்ணும் புரியல. ஃபேன் சத்தத்துக்குள்ள யாரோ அவன் பேரைச் சொல்லித் திட்றாங்கன்னு ஃபேனை நிறுத்திட்டு சித்திரை வெயில்ல சட்டை நனைய நனைய ரூமுக்குள்ளயே உக்காந்திருப்பான், சாப்பாடு வச்சா அம்மா முதல்ல ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டணும், அப்பதான் தொடுவான். தாயத்து, மந்திரிச்ச கயிறு, குலதெய்வம் கோயில்னு எல்லாம் சுத்தி முடிச்சு கடைசியாத்தான் சைக்கியாட்ரிஸ்ட் கிட்ட போனோம். இப்ப மாத்திரை ஒழுங்கா போடறான், சித்தப்பாவோட ஹார்டுவேர் கடையில கணக்கு எழுதறான், நல்லா இருக்கான்.

அம்மாவுக்கு லூபஸ் இருக்கு, உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கற நோய். அது அண்ணன் சின்னப் பையனா இருக்கும்போதே வந்தது, வெயில்ல போனா மூக்குக்கு ரெண்டு பக்கமும் கன்னம் செவந்து போகும், விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கும், இப்பவும் மாத்திரைதான்.

போன வாரம் அம்மா யூடியூப்ல ஒரு வீடியோ பாத்துட்டாங்க. நோய் எதிர்ப்பு ஜீன்தான் ஸ்கிசோஃப்ரினியாவுக்குக் காரணம்னு கண்டுபிடிச்சுட்டாங்கன்னு அதுல சொல்லியிருக்காங்க. அதுல இருந்து ஒரே அழுகை, என் ரத்தத்துல இருந்த கோளாறு எம்புள்ள மூளைக்கு ஏறிடுச்சு, நான்தான் அவனுக்கு இதைக் குடுத்தேன்னு. எவ்வளவு சொல்லியும் கேக்கல. எனக்கும் அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல, ஏன்னா லூபஸும் நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட வியாதிதானே?

இன்னொண்ணு, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, குழந்தை பெத்துக்கணும்னு நினைக்கறோம். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல, ஆனா மாமியார் வீட்டுப் பக்கம் அண்ணனைப் பத்தி சாடைமாடையா பேச்சு வருது. குழந்தைக்கு வர வாய்ப்பு எவ்வளவு, ஜீன் டெஸ்ட் ஏதாவது எடுத்துப் பாக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஆறாம்நம்பர்குரோமோசோம் எழுதியது:

வணக்கம் சிஸ்டர். நான் டாக்டர் இல்ல, ஜெனிடிக்ஸ் படிச்சு ஒரு லேப்ல வேலை பாக்கறேன், அதனால ஜீன் விஷயத்தை மட்டும் சொல்றேன். முதல்ல அம்மாவுக்கான பதில், ஏன்னா அதுதான் அவசரம். அந்த வீடியோ சொல்ற ஜீன் சி4. அதே சி4 ஜீன் லூபஸ்லயும் வருது, ஆனா நேர் எதிர்த் திசையில. லூபஸ் வர்ற வாய்ப்பைக் கூட்டற வகை எதுவோ அது ஸ்கிசோஃப்ரினியா வாய்ப்பைக் குறைக்குது. அதனால லூபஸைக் குடுத்த ஜீன்தான் புள்ளைக்கும் இதைக் குடுத்துச்சுன்னு அம்மா நினைக்கறதுக்கு அந்த ஆராய்ச்சியில ஆதாரமே கிடையாது, இருக்கறது அதுக்கு எதிரான ஆதாரம்தான். இதை முதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க, அப்புறமா மீதியைப் படிங்க.

இப்ப விவரமா. ஆறாவது குரோமோசோம்ல எம்எச்சின்னு ஒரு பகுதி இருக்கு, நோய் எதிர்ப்புக்கான ஜீன்கள் நெருக்கியடிச்சு உக்காந்திருக்கற இடம். கிட்னி மாத்தறதுக்கு முன்னாடி எச்எல்ஏ மேட்சிங் பாப்பாங்கல்ல, அந்த எச்எல்ஏ ஜீன்களும் அங்கதான். 2009ல மூணு பெரிய குழுக்கள் ஒரே நேரத்துல ஸ்கிசோஃப்ரினியாவுக்கு இந்தப் பகுதியோட தொடர்பு இருக்குன்னு நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகையில போட்டாங்க. 2014ல கிட்டத்தட்ட 37,000 நோயாளிகள், 1,13,000 மத்தவங்கன்னு வச்சு ஒப்பிட்டப்போ ஜீனோம்ல மொத்தம் 108 இடங்கள் சிக்குச்சு, அதுல பலமான சிக்னல் இந்த எம்எச்சிதான். ஆனா அந்த இடத்துல நூத்துக்கணக்கான ஜீன் இருக்கு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே அடுத்த தலைமுறைக்குப் போகும், எது காரணம்னு பிரிச்சுப் பாக்கறதே பெரிய தலைவலி.

2016ல பாஸ்டன்ல ஹார்வர்டு, பிராட் இன்ஸ்டிட்யூட் ஆளுங்க, அஸ்வின் சேகர், ஸ்டீவன் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ், மைக்கேல் கரோல் இவங்கல்லாம் சேர்ந்து அதைப் பிரிச்சாங்க. சி4ல சி4ஏ, சி4பின்னு ரெண்டு வகை, ரெண்டுக்கும் நாலே நாலு அமினோ அமிலம்தான் வித்தியாசம். ஒவ்வொருத்தருக்கும் எத்தனை காப்பி இருக்குங்கறது மாறும். அதுலயும் நீளமான வடிவம் குட்டை வடிவம்னு இருக்கு, நீளம் வரக் காரணம் எப்பவோ நம்ம மூதாதைகளோட டிஎன்ஏக்குள்ள புகுந்து அங்கயே தங்கிட்ட ஒரு வைரஸோட மிச்சம். இதை சாதாரண டெஸ்ட்ல எண்ண முடியாது, அதனால அவங்க எண்றதுக்கே தனி முறை செஞ்சு, கிட்டத்தட்ட 65,000 பேரோட டேட்டாவுல பொருத்திப் பாத்தாங்க. மூளையில சி4ஏ எவ்வளவு அதிகமா உற்பத்தி ஆகுமோ அந்த அளவுக்கு ஸ்கிசோஃப்ரினியா வாய்ப்பு படிப்படியா கூடுச்சு. இறந்தவங்க மூளைத் திசுவைப் பாத்தப்போ நோய் இருந்தவங்களுக்கு சி4ஏ சுமார் 1.4 மடங்கு இருந்துச்சு.

இது மூளையில என்ன பண்ணுதுன்னு கேட்டா, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ரத்தத்துல சி4க்கு வேலை கிருமி மேல அடையாளம் ஒட்டறது. ரோடு அகலப்படுத்தறதுக்கு முன்னாடி வெட்டப் போற மரத்துல பெயிண்ட் அடிச்சு நம்பர் போடுவாங்கல்ல, அந்த மாதிரி. அடையாளம் பாத்து தின்னுற செல்கள் வந்து முழுங்கிடும். பெத் ஸ்டீவன்ஸும் பென் பாரஸும் 2007லயே சி4 சேர்ந்த இதே புரதக் குடும்பம் (காம்ப்ளிமென்ட்னு பேரு) மூளைக்குள்ள நியூரான் இணைப்புகள், அதாவது சினாப்ஸ், மேலயும் அடையாளம் போடுதுன்னு எலியில காட்டியிருந்தாங்க, அங்க முழுங்கறது மைக்ரோக்ளியாங்கற மூளையோட எதிர்ப்பு செல்கள். குழந்தையில தேவைக்கு மேல உருவாகற சினாப்ஸ் டீன் ஏஜ் முடியறதுக்குள்ள நிறைய கழிக்கப்படுது, இது எல்லாருக்கும் நடக்கறதுதான். இப்படிக் கழிக்கறது அளவு மீறினா ஸ்கிசோஃப்ரினியா வரலாம்னு இர்வின் ஃபைன்பெர்க் 1982லயே சொன்னார், அப்ப அவர் கையில ஜீன் எதுவும் இல்ல. உங்க அண்ணன் மாதிரி நிறைய பேருக்கு சரியா அந்த வயசுல ஆரம்பிக்கறதுக்கு இதுதான் காரணமா இருக்கலாம்னு இப்ப பேசறாங்க.

ஆனா யூடியூப் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. அதிக ரிஸ்க் உள்ள சி4 அமைப்புக்கும் குறைவான ரிஸ்க் உள்ளதுக்கும் வித்தியாசமே சுமார் 27 சதவீதம்தான். நூத்துல ஒருத்தருக்கு வர்ற நோய்னா அது நூத்துல ஒண்ணேகாலா ஆகும், அவ்வளவுதான். கோடிக்கணக்கான பேர் அந்த சி4ஐ வச்சுக்கிட்டு எந்தக் குறையும் இல்லாம வாழ்ந்துட்டிருக்காங்க. 2022 ஆய்வுல இடங்களோட எண்ணிக்கை 287 ஆயிடுச்சு, பெரும்பாலானது நியூரான்ல வேலை செய்யற ஜீன்கள்தான். ஒரு ஜீனைப் பிடிச்சு இதுதான் காரணம்னு சொல்றது தப்பு, ஒரு அம்மாவைப் பிடிச்சு சொல்றது அதைவிடப் பெரிய தப்பு.

---

கேள்விக்குறி எழுதியது:

நல்ல விளக்கம், ஆனா ஒரு இடத்துல எனக்கு இடிக்குது. டென்மார்க்ல லட்சக்கணக்கான பேரோட ஆஸ்பத்திரி ரெக்கார்டை வச்சு பண்ண ஆய்வுகள்ல லூபஸ் மாதிரி ஆட்டோ இம்யூன் நோய் இருந்தவங்களுக்கு ஸ்கிசோஃப்ரினியா வர்ற வாய்ப்பு அதிகம்னுதான் வந்துச்சு. 2011ல பென்ராஸ் குழு போட்டது, ஆட்டோ இம்யூன் இருந்தா 29 சதவீதம் கூட, கடுமையான தொற்றுக்காக அட்மிட் ஆகியிருந்தா 60 சதவீதம் கூட. அப்ப லூபஸ் எதிர்த் திசைன்னு எப்படி சொல்றீங்க? அந்தம்மாவுக்கு ஆறுதல் சொல்லணும்ங்கறதுக்காக சொல்றீங்களோன்னு தோணுது. அப்புறம் இம்யூன் சிஸ்டம்தான் வில்லன்னா அதை அடக்கற மருந்தைக் குடுத்தா குணமாகணுமே, ஏன் யாரும் குடுக்கல?

---

ஆறாம்நம்பர்குரோமோசோம் எழுதியது:

ஆறுதலுக்காக சொல்லல, 2020ல அதே மெக்கரோல் லேப் நேச்சர்ல போட்டதைத்தான் சொன்னேன். லூபஸ், ஷோக்ரன்ஸ் (கண்ணும் வாயும் காஞ்சு போற இன்னொரு ஆட்டோ இம்யூன் நோய்), ஸ்கிசோஃப்ரினியா மூணையும் சேத்து வச்சுப் பாத்தாங்க. சி4 காப்பி கம்மியா இருக்கறவங்களுக்கு, குறிப்பா சி4ஏ கம்மியா இருந்தா, லூபஸ் ரிஸ்க் ஏறுது. காப்பி கூடக்கூட லூபஸ் இறங்குது, ஸ்கிசோஃப்ரினியா லேசா ஏறுது. ஆட்களுக்குள்ள இருக்கற சாதாரண சி4 வித்தியாசத்துலயே லூபஸ் ரிஸ்க் ஏழு மடங்கு வரைக்கும் மாறுது, ஸ்கிசோஃப்ரினியால ஆம்பளைங்களுக்கு 1.7 மடங்கு, பொம்பளைங்களுக்கு 1.26 மடங்குதான். லூபஸ்ல சி4 பெரிய கை, ஸ்கிசோஃப்ரினியால சின்னக் கை.

நீங்க சொன்ன டென்மார்க் கணக்கும் உண்மைதான், அதை நான் மறுக்கல. ஆனா அது வேற கேள்விக்கான பதில். அதுல இருக்கறது பல ஆட்டோ இம்யூன் நோய்கள் மொத்தமா, அதுவும் நோய் வந்த அதே ஆளுக்குப் பின்னாடி என்ன ஆச்சுங்கற கணக்கு. வீக்கம், தொற்று, லூபஸே நேரா மூளையைப் பாதிக்கறது, ஸ்டீராய்டு மருந்து இப்படிப் பல வழியில அது வரலாம். இங்க கேள்வி அம்மாகிட்ட இருந்து மகனுக்குப் போன ஜீன் பத்தி. ரெண்டையும் ஒரே கணக்குல போடக்கூடாது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது ஆட்டோ இம்யூன் மூட்டு வாதம், ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளுக்குக் கம்மியாத்தான் வருதுன்னு 1930கள்லயே டாக்டர்கள் கவனிச்சு எழுதியிருக்காங்க, அதனால ஆட்டோ இம்யூன்னு ஒரே மூட்டையா கட்டறதே சரியில்ல.

மருந்து விஷயம்: முயற்சி பண்ணாங்க. நோயாளிகளோட செல்லுல இருந்து லேப்ல வளத்த மைக்ரோக்ளியா சினாப்ஸை அதிகமா முழுங்குது, மினோசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் போட்டா குறையுதுன்னு 2019ல வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே, 2018ல, இங்கிலாந்துல நோய் புதுசா வந்தவங்களுக்கு ஒரு வருஷம் மினோசைக்ளின் குடுத்துப் பாத்த ட்ரையல்ல பலன் எதுவும் தெரியல. சினாப்ஸை வெட்டிட்ட அப்புறம் தடுத்து என்ன பிரயோஜனம்னு ஒரு வாதம் இருக்கு. எப்படியோ, வீட்டுல யாரும் இதைப் படிச்சுட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் குடுத்துடாதீங்க, தயவு செஞ்சு.

இன்னொண்ணும் சேத்துக்கறேன். இந்த எண்ணெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி ஆட்களோடது. 2019ல கிழக்கு ஆசியர்களை வச்சுப் பெரிய ஆய்வு பண்ணப்போ எம்எச்சி சிக்னல் அங்க எழும்பவே இல்ல, ஐரோப்பால சாதாரணமா இருக்கற சில அமைப்புகள் அங்க ரொம்ப அபூர்வம். அதே வருஷம் தென்னிந்திய ஆட்கள் சுமார் 3,000 பேரை வச்சு சென்னையில இருக்கற ஸ்கார்ஃப் மனநல ஆராய்ச்சி மையமும் ஆஸ்திரேலியா குயின்ஸ்லாந்து ஆளுங்களும் பண்ண ஆய்வுல முன்னாடி வந்தது வேற இடம், எட்டாவது குரோமோசோம்ல நயசின் வைட்டமின் சம்பந்தப்பட்ட ஒரு ஜீன். நம்ம ஆளுங்களோட டேட்டா இன்னும் பல மடங்கு வேணும், அது வர்ற வரைக்கும் ஐரோப்பா எண்ணை அப்படியே நம்ம வீட்டுக்குப் பொருத்தறது நியாயமில்ல.

---

முத்துநகர்அப்பா எழுதியது:

மகளே, நான் விஞ்ஞானம் படிச்சவன் இல்ல, என் மகனுக்கு இதே நோய், பல வருஷமா பாத்துட்டிருக்கேன். உங்க அம்மா அழறதைப் படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு. எங்க வீட்டுலயும் இதே கதைதான், என் பக்கத்து வம்சமா என் சம்சாரம் பக்கத்து வம்சமான்னு ரெண்டு குடும்பமும் சண்டை போட்டு ஒரு நல்ல நாள்கூட ஒண்ணா உக்காந்து சாப்பிடாம கழிஞ்சுது. அந்த நேரத்துல பையனைச் சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டியிருந்தா எவ்வளவோ மிச்சமாயிருக்கும்.

ஒரு விஷயம் கவனிச்சுக்கோங்க. என் மகனுக்கு மத்த மாத்திரை ரெண்டும் கேக்கலன்னு க்ளோசபின் ஆரம்பிச்சாங்க. அது வெள்ளை அணுவைக் குறைச்சுடலாம்னு ஆரம்ப மாசங்கள்ல வாரா வாரம் ரத்தம் எடுக்கணும். அவன் ஊசிக்குப் பயப்படுவான், லேப்ல அந்தப் பொண்ணு இடது கையைப் பிடிச்சு நரம்பு தேடும்போது நான் வலது கையைப் பிடிச்சுட்டு நிப்பேன், ரிப்போர்ட்ல நியூட்ரோஃபில்னு, அது வெள்ளை அணுல ஒரு வகை, போட்டிருக்கற வரியை மட்டும் முதல்ல பாப்பேன், அது இறங்கலன்னா அன்னிக்கு நிம்மதி. இப்ப மாசம் ஒரு தடவைதான். நல்லா பேசறான், தினமும் கடற்கரை ரோட்டுல நடக்கறான். அம்மாகிட்ட சொல்லுங்க, ஜீனை மாத்த முடியாது, ஆனா மாத்திரை நிக்காம பாத்துக்கறது நம்ம கையிலதான் இருக்கு. உங்க அண்ணன் கடையில கணக்கு எழுதறான்னா அந்தம்மா பாதி ஜெயிச்சுட்டாங்க.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பா, உங்க பதிலை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், உங்க மகனை விசாரிச்சதா சொல்லச் சொன்னாங்க.

சார், லூபஸ் எதிர்த் திசைன்னு நீங்க சொன்னதைச் சொன்னதும் அம்மா எந்திரிச்சுப் போய் அவங்க ஃபைலை எடுத்துட்டு வந்துட்டாங்க. ஒவ்வொரு ரத்த ரிப்போர்ட்லயும் சி3, சி4ன்னு ரெண்டு வரி இருக்கு, சி4 முக்கால்வாசி தடவை கம்மின்னு அடிக்கோடு போட்டிருக்கு. இது நீங்க சொல்ற அதே சி4தானா? அப்ப இதைப் பாத்தே எங்க குடும்பத்துல ரிஸ்க் கம்மின்னு சொல்லிடலாமா? குழந்தை விஷயத்துக்கும் யாராவது சொல்லுங்க.

---

வார்டுநம்பர்ஏழு எழுதியது:

நான் சைக்கியாட்ரி வார்டுல நர்ஸா இருக்கேன்மா. குழந்தை விஷயத்தை நான் சொல்றேன், சி4ஐ அந்தத் தம்பி சொல்லட்டும்.

காட்டஸ்மன்னு ஒருத்தர் பழைய ஐரோப்பிய குடும்ப ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட கணக்குதான் இன்னிக்கும் எல்லாரும் சொல்றது. யாருக்குமே நோய் இல்லாத குடும்பத்துல நூத்துக்கு ஒண்ணு. கூடப் பிறந்தவங்களுக்கு இருந்தா ஒன்பது. உங்க குழந்தைக்கு உங்க அண்ணன் தாய்மாமன், அந்த உறவுக்கு சுமார் நாலு. அதாவது நூத்துல தொண்ணூத்தாறு குழந்தைக்கு வராது. அச்சு அசலா ஒரே டிஎன்ஏ உள்ள இரட்டையர்லகூட ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தருக்கு வர்றது பாதிக்கும் கீழதான், 2018 டென்மார்க் ஆய்வுல அது 33 சதவீதம். மாமியார் வீட்டுல பேச்சு வந்தா இந்த நம்பரைத் தெளிவா சொல்லுங்க, வீட்டுக்காரரே சொன்னா இன்னும் நல்லது, அவங்க வீட்டு ஆளு வாயில இருந்து வரணும்.

ஜீன் டெஸ்ட் எடுக்காதீங்க. ஆன்லைன்ல உமிழ்நீர் அனுப்பினா சொல்றோம்னு விக்கறாங்க, அதை வச்சு ஒரு தனி ஆளுக்கு வருமா வராதான்னு யாராலயும் சொல்ல முடியாது, பணமும் போகும் தூக்கமும் போகும். 22வது குரோமோசோம்ல ஒரு துண்டு விட்டுப்போற நிலைமைன்னு ஒண்ணு உண்டு, அது இருக்கறவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு இந்த நோய் வரும், ஆனா அவங்களுக்குப் பிறவியிலயே இதயக் கோளாறு, அண்ணப் பிளவு மாதிரி வேற அடையாளமும் பெரும்பாலும் இருக்கும். அண்ணனுக்கு அப்படி ஏதாவது சின்ன வயசுல இருந்திருந்தா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அந்த டெஸ்டுக்கு அர்த்தம் இருக்கு.

கர்ப்பமானா எல்லாருக்கும் சொல்றதைத்தான் சொல்வேன், ஃபோலிக் ஆசிட், நல்ல சாப்பாடு, காய்ச்சல் வந்தா தள்ளிப்போடாம காட்டறது, பிரசவம் வசதியுள்ள இடத்துல. அம்மாவுக்கு லூபஸ் இருக்குன்னு உங்க மகப்பேறு டாக்டர்கிட்ட முதல் தடவையே சொல்லிடுங்க, அது மனநோயைவிட உங்க கர்ப்பத்துக்கு முக்கியமான தகவல். குழந்தை வளந்து டீன் ஏஜ் வந்ததும் கஞ்சா பக்கம் போகாம பாத்துக்கணும், குடும்பத்துல இந்த நோய் இருக்கற பசங்களுக்கு அது நிஜமாவே ஆபத்து, வார்டுல கண்ணால பாக்கறேன்.

அப்புறம் அண்ணனோட டாக்டருக்கு அம்மாவோட லூபஸ் தெரியுமா? தெரியலன்னா அடுத்த தடவை சொல்லுங்க. லூபஸே மூளையைத் தாக்கி இதே மாதிரி சத்தம் கேக்கறது, சந்தேகம் எல்லாம் வர வைக்கும், அபூர்வம்தான், ஆனா அண்ணனுக்கு மூட்டு வீக்கம், தோல் தடிப்பு, வலிப்பு ஏதாவது இருந்தா லூபஸுக்குப் பாக்கற ஏஎன்ஏ ரத்த டெஸ்ட் ஒண்ணு பாத்துடலாம். அம்மாவுக்கு மனசு தாங்கலன்னா 14416க்குப் போன் பண்ணச் சொல்லுங்க, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

---

ஆறாம்நம்பர்குரோமோசோம் எழுதியது:

ஆமா சிஸ்டர், அதே சி4தான், அம்மா சரியா பிடிச்சுட்டாங்க. ஆனா அந்த நம்பரை வச்சு ரிஸ்க் கணக்குப் போட முடியாது. ரத்தத்துல இருக்கற சி4 பெரும்பாலும் கல்லீரல் செய்யறது, லூபஸ் கிளம்பற நேரத்துல அது செலவாகித் தீர்ந்து போறதாலயும் கம்மியா காட்டும், டாக்டர் ஒவ்வொரு தடவையும் அதைப் பாக்கறது நோய் இப்ப எவ்வளவு தீவிரமா இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான். பிறவியிலயே காப்பி கம்மியா இருந்தாலும் கம்மியாத்தான் காட்டும், அம்மாவுக்கு எதுன்னு அந்த ரிப்போர்ட்ல இருந்து பிரிக்க முடியாது. மூளைக்குள்ள எவ்வளவு உற்பத்தி ஆகுதுன்னும் அது சொல்லாது. அண்ணனுக்குப் பாதி ஜீன் அப்பா பக்கம் இருந்தும் வந்திருக்கு, அதுக்காக இப்ப அப்பாவை ஆரம்பிச்சுடாதீங்க.

அடுத்த ரிப்போர்ட் வர்றப்போ அந்த வரியை லூபஸ் டாக்டர்கிட்ட மட்டும் காட்டுங்க, அண்ணன் கணக்குல சேக்க வேண்டாம். ஏஎன்ஏ பத்தி நர்ஸக்கா சொன்னதை மறக்காம கேட்டுட்டு வந்து இங்க எழுதுங்க.